நாற்பத்தேழாவது நிறமூர்த்தமும் மலையகத்துத் தூரமும்

தோட்டத்தில் ஒரு பிள்ளை மற்றப் பிள்ளைகளைப் போல இல்லாமல் பிறந்துவிட்டால் காரணம் சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. "சொந்தத்துல கட்டுனாங்க, அதான் இப்புடி" என்பார் ஒருவர். கிரகணத்தன்று தாய் வாசலுக்கு வந்துவிட்டாள் என்பார் இன்னொருவர். வயிற்றுப் பிள்ளையோடு கொழுந்துக் கூடையைச் சுமந்து மேட்டு மலை ஏறியதால் என்பார்கள். உச்சிப்பொழுதில் முனி பார்த்துவிட்டது என்பார்கள். சொல்லும் காரணம் எதுவானாலும் பழி கடைசியில் போய்ச் சேருமிடம் ஒன்றுதான்: பெற்றவள்.

இவற்றில் ஒன்றுகூட உண்மையல்ல. டவுன் சிண்ட்ரோம் முதலாக, நிறமூர்த்தங்களின் எண்ணிக்கை கூடுவதாலோ குறைவதாலோ உண்டாகும் நிலைகள் ஒரே வயதுத் தாய்மாரிடம் ஹட்டனிலும் கொழும்பிலும் லண்டனிலும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில்தான் கருவாகின்றன. அந்தப் பிள்ளை எத்தனை ஆண்டு வாழும், எப்போது நடக்கும், பேசுமா, பள்ளிக்கூடம் போகுமா என்பதில்தான் இடத்துக்கு இடம் வித்தியாசம் வருகிறது. அந்த வித்தியாசத்தை உண்டாக்குவது வைத்தியசாலை இருக்கும் தூரம், அங்கே பேசப்படும் மொழி, ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் போய்விடும் சம்பளம் ஆகியவை. இந்தத் துறையில் இன்றுவரை தெரியவந்திருப்பதை மலையகத்தில் நின்றுகொண்டு திரும்பிப் பார்த்தால் எனக்குத் தெரிவது இதுதான்.

முதலில் அடிப்படை. மனித உடலின் சாதாரணக் கலம் ஒவ்வொன்றிலும் 46 நிறமூர்த்தங்கள், தமிழ்நாட்டார் சொல்லும் குரோமோசோம்கள், 23 சோடிகளாக இருக்கின்றன. 22 சோடிகள் ஆண் பெண் இருவருக்கும் பொது. கடைசிச் சோடி பெண்ணுக்கு இரண்டு எக்ஸ், ஆணுக்கு ஒரு எக்ஸும் ஒரு வையும். இவ்வளவு எளிய எண்ணிக்கையை அறிவியல் உலகம் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தவறாகவே வைத்திருந்தது. 1920களிலிருந்து 48 என்றுதான் பாடநூல்கள் சொல்லிவந்தன. 1955 இறுதியில் சுவீடனின் லுண்ட் நகரில், ஜாவாவில் பிறந்த ஜோ ஹின் ஜியோ, அல்பர்ட் லெவான் என்பவருடன் சேர்ந்து 46தான் என்று எண்ணிக் காட்டினார். 1956இல் அது அச்சானது. கலம் பிரியும் நடுவழியில் அதை நிறுத்தி, நிறமூர்த்தங்கள் தெளிவாகத் தெரியும் தறுவாயில் பார்க்க வேண்டும். அப்படி நிறுத்த உதவியது கொல்சிசின் என்ற பொருள். நம்முடைய செங்காந்தளிலும், அதாவது ஈழத்தார் கார்த்திகைப்பூ என்று அழைக்கும் செடியிலும், இதே கொல்சிசின் இருக்கிறது. தமிழ்நாட்டின் கரூர், திண்டுக்கல் பக்கங்களில் அதன் விதைக்காகவே செங்காந்தளைப் பயிரிட்டு ஏற்றுமதி செய்கிறார்கள்.

எண்ணத் தெரிந்ததும் கண்டுபிடிப்புகள் வரிசையாக வந்தன. இலண்டன் வைத்தியர் ஜோன் லாங்டன் டவுன் 1866இல் ஒரு தோற்றத்தை விவரித்து எழுதியிருந்தார். லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலையை வணிகப் பயிராக நடுவதற்கு முந்திய ஆண்டு அது. தொண்ணூற்று மூன்று ஆண்டுகள் கழித்துத்தான் காரணம் வெளியாயிற்று: 21ஆவது நிறமூர்த்தம் இரண்டுக்குப் பதில் மூன்று. 1959இல் பாரிஸில் வெளியான அந்த அறிக்கையில் ஜெரோம் லெஜோன் பெயர் முதலில் இருந்தது. கலங்களை வளர்த்தெடுக்கும் கூடத்தைத் தன் கையால் அமைத்து வேலையைத் தொடங்கியவர் மார்த் கோத்தியே என்ற பெண் வைத்தியர். அவர் பெயரோ இரண்டாவதாக, அதுவும் எழுத்துப் பிழையோடு அச்சானது. 2014இல்தான் பிரான்ஸின் மருத்துவ ஆய்வு நிறுவனத்து அறநெறிக் குழு அவருடைய பங்கை வெளிப்படையாக ஏற்றுக்கொண்டது.

அதே 1959இல் இன்னும் இரண்டு விடைகள் கிடைத்தன. டர்னர் சிண்ட்ரோம் உள்ள பெண்களுக்கு ஒரு எக்ஸ் குறைவு, மொத்தம் 45. கிளைன்ஃபெல்டர் சிண்ட்ரோம் உள்ள ஆண்களுக்கு ஒரு எக்ஸ் கூடுதல், மொத்தம் 47. மறு ஆண்டே 18ஆவதும் 13ஆவதும் மூன்றாக இருக்கும் எட்வர்ட்ஸ், பட்டாவ் நிலைகள் தெரியவந்தன. உலகக் கணக்கில் டவுன் சிண்ட்ரோம் 700 அல்லது 800 பிறப்புக்கு ஒன்று. கிளைன்ஃபெல்டர் ஆண் பிள்ளைகளில் ஏறத்தாழ 600க்கு ஒன்று. டர்னர் பெண் பிள்ளைகளில் 2,000 முதல் 2,500க்கு ஒன்று. இலங்கையில் அண்மை ஆண்டுகளில் பிறக்கும் ஏறத்தாழ இரண்டரை இலட்சம் குழந்தைகளோடு இதைப் பொருத்தினால், ஆண்டுதோறும் முந்நூறு டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளாவது இந்நாட்டில் பிறக்க வேண்டும். ஏழு இலட்சத்துக்கு மேற்பட்டோர் வாழும் நுவரெலியா மாவட்டத்துக்கு அதில் பத்துப் பேரளவு வரும். ஓர் ஆண்டுக்குப் பத்து என்பது பெரிய தொகையாகத் தோன்றாது. இருபது ஆண்டுகளில் இருநூறு குடும்பங்கள் என்று பார்க்கும்போதுதான் எந்தத் தோட்டத்து டிவிசனும் இதிலிருந்து விலகி நிற்கவில்லை என்பது புரிகிறது.

எண்ணிக்கை ஏன் பிசகுகிறது? முட்டையும் விந்தும் உருவாகும்போது சோடிகள் பிரிந்து, ஒவ்வொன்றிலும் 23 மட்டும் போக வேண்டும். சில வேளை ஒரு சோடி பிரியாமல் ஒரே பக்கம் போய்விடுகிறது. டவுன் சிண்ட்ரோமில் பத்தில் ஒன்பது தடவை இது முட்டையில்தான் நடக்கிறது. இதைக் கேட்டதும் "அப்போ அம்மாதானே காரணம்" என்று சொல்லிவிடலாகாது. ஒரு பெண்ணின் முட்டைகள் எல்லாம் அவள் தன் தாயின் வயிற்றில் இருக்கும்போதே உருவாகி, பிரிவின் நடுவில் நின்றுவிடுகின்றன. அதற்குப் பிறகு இருபது, முப்பது, நாற்பது ஆண்டுகள் காத்திருக்கின்றன. அந்தச் சோடிகளைச் சேர்த்துப் பிடித்திருக்கும் புரதம், நாட்பட்ட பூக்கட்டு நார் இற்றுப்போவதைப் போல, வயதோடு நைந்துபோகிறது. அதனால்தான் இருபது வயதுத் தாய்க்கு 1,500 பிறப்பில் ஒன்றளவு இருக்கும் வாய்ப்பு 35 வயதில் 350க்கு ஒன்று, 40இல் 100க்கு ஒன்று, 45இல் 30க்கு ஒன்று என்று ஏறுகிறது. அவள் செய்த எதுவும், செய்யாமல் விட்ட எதுவும் இதில் இல்லை. வயது மட்டும்தான் தெளிவாக நிறுவப்பட்ட காரணம். அப்படியிருந்தும் டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளில் பெரும்பாலோர் 35 வயதுக்குக் குறைந்த தாய்மாருக்கே பிறக்கிறார்கள், ஏனென்றால் பிள்ளை பெறுவோரில் பெரும்பாலோர் அந்த வயதினர். "சின்ன வயசுதானே, ஒண்ணும் வராது" என்ற தைரியத்துக்கு இடமில்லை.

சொந்தத்தில் கட்டுவதைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். மாமன் மகளை, அத்தை மகனைக் கட்டுவது மலையகத்தில் முறை. தென்னிந்தியாவிலிருந்து கூடவே வந்த முறை. நெருங்கிய உறவில் கட்டினால் சில பரம்பரை நோய்களுக்கு வாய்ப்புக் கூடும் என்பது உண்மை. தாய் தகப்பன் இருவரிடமும் ஒரே பழுதான மரபணு மறைந்திருந்து, இரண்டும் பிள்ளையிடம் சேரும்போது வரும் நோய்கள் அவை. தலசீமியா அப்படிப்பட்டது. நிறமூர்த்த எண்ணிக்கைப் பிசகு அந்த வகையைச் சேர்ந்ததல்ல. அது மறைந்திருந்து வெளிப்படும் பழுதன்று, ஒரு தடவை நடக்கும் விபத்து. வேற்றூரில், வேற்றினத்தில் கட்டியிருந்தாலும் அதே அளவு வாய்ப்புதான். இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதால் இரட்டைத் தீங்கு நேர்கிறது. டவுன் பிள்ளையின் தாய் தகப்பன் வீணாகக் குற்றவாளிகளாகிறார்கள். உண்மையில் உறவுமுறைத் திருமணத்துக்கு முன் செய்ய வேண்டிய தலசீமியா இரத்தச் சோதனை கவனத்துக்கே வராமல் போகிறது.

சூழலைப் பற்றிய ஐயமும் இருக்கிறது. தேயிலைக்கு அடிக்கும் மருந்தினால் வருமா என்று கேட்பவர்களை நான் குறை சொல்லமாட்டேன். அந்தக் கேள்வி நியாயமானது, மருந்தடிப்போரின் உடல்நலம் தனியாகக் கவனிக்க வேண்டிய விடயமும்கூட. ஆனால் பூச்சிமருந்துதான் நிறமூர்த்தத்தைக் கூட்டியது என்று எங்கும் நிறுவப்படவில்லை. நம் பக்கத்திலேயே இத்தகைய ஒரு கேள்வி பெரிய அளவில் ஆராயப்பட்டிருக்கிறது. கேரளக் கரையோர மணலில் தோரியம் இருப்பதால் அங்கே இயற்கைக் கதிர்வீச்சு அதிகம். அந்தப் பகுதியில் டவுன் சிண்ட்ரோம் கூடுதலாக இருப்பதாக 1976இல் நேச்சர் இதழில் ஒரு கட்டுரை வந்து பரபரப்பானது. பின்னர் அதே பகுதியின் வைத்தியசாலைகளில் பிறந்த பல்லாயிரம் குழந்தைகளை ஆண்டுக்கணக்கில் பார்த்தபோது அந்த அதிகரிப்பு உறுதிப்படவில்லை. கிளினிக்கில் கொடுக்கும் போலிக் அமில மாத்திரையும் இதைத் தடுப்பதில்லை. முள்ளந்தண்டுக் குறைபாட்டைத் தடுப்பதே அதன் வேலை. அதைக் கட்டாயம் போட வேண்டும், போட மறந்ததால்தான் டவுன் வந்தது என்று மட்டும் எந்தத் தாயும் தன்னை நொந்துகொள்ள வேண்டியதில்லை.

பிறவாமல் போகும் கருக்களின் கதையும் இதோடு சேர்ந்ததே. முதல் மூன்று மாதத்தில் கலையும் கருக்களில் பாதியளவு நிறமூர்த்த எண்ணிக்கை பிசகியவை. 16ஆவது மூன்றாகிவிட்ட கருக்கள் இவற்றில் நிறைய; அவை பிறப்புவரை வருவதே இல்லை. ஒரேயொரு எக்ஸ் மட்டும் உள்ள கருக்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது கலைந்துவிடுகின்றன. கர்ப்பிணியை மலை ஏறவைக்கும் தோட்ட நிர்வாகத்தைக் காப்பாற்ற இதைச் சொல்லவில்லை. இலேசான வேலையும் ஓய்வும் அவளுடைய உரிமை. ஆனால் கரு கலைந்த பெண் "நான் கூடையத் தூக்கினதுனாலதான்" என்று வாழ்நாள் முழுக்க நினைத்துக்கொண்டிருக்க வேண்டாம். மூன்று தடவை கலைந்திருந்தால் மட்டும் கணவன் மனைவி இருவரும் இரத்தம் கொடுத்து நிறமூர்த்தங்களைப் பார்த்துக்கொள்வது நல்லது.

அந்தச் சோதனைக்கு இன்னொரு தேவையும் இருக்கிறது. டவுன் பிள்ளைகளில் நூற்றுக்கு மூன்று நான்கு பேருக்கு 21ஆவது தனியாகக் கூடியிருக்காது. வேறொரு நிறமூர்த்தத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். இப்படி ஒட்டியதைத் தாயோ தகப்பனோ தங்கள் உடம்பில் எந்தக் குறையும் தெரியாமல் சுமந்துகொண்டிருக்கலாம். தாய் சுமப்பவளாக இருந்தால் அடுத்த பிள்ளைக்கும் வருவதற்குப் பத்து முதல் பதினைந்து வீத வாய்ப்பு உண்டு. சாதாரண வகையானால் அது ஒரு வீதமளவுதான். அடுத்த பிள்ளை பெறலாமா என்று இரவெல்லாம் யோசிக்கும் ஒரு வீட்டுக்கு இந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது! இரண்டு மூன்று மில்லிலீற்றர் இரத்தம் போதும். அதிலிருந்து வெண்கலங்களை மூன்று நாள் வளர்த்து, கொல்சிசினால் நிறுத்தி, சாயமேற்றி எண்ணுகிறார்கள். கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் 1983இல் பேராசிரியர் ரொஹான் ஜயசேகர அமைத்த மனித மரபியல் பிரிவு இந்தப் பணியை இந்நாட்டில் வேரூன்றச் செய்தது. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் மஸ்கெலியாவிலோ நோர்வூட்டிலோ இருக்கும் குடும்பத்துக்கு இது எட்டாத வசதியாகத்தான் தோன்றுகிறது. முகத்தைப் பார்த்தே "டவுன்தான்" என்று சொல்லி அனுப்பிவிட்டால் வகை தெரியாது. வகை தெரியாவிட்டால் அடுத்த பிள்ளையைப் பற்றிய கேள்விக்கு யாராலும் பதில் சொல்ல முடியாது.

ஆனாலும் எல்லாவற்றிலும் அவசரமானது இதயம். டவுன் சிண்ட்ரோமுடன் பிறக்கும் குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு இதயத்தில் குறை இருக்கும். அறைகளுக்கு நடுவிலுள்ள சுவரும் வால்வுகளும் சரியாக மூடாமல் பெரிய வழியாகிவிடும் வகை இவர்களிடம் அதிகம். இரத்தம் அளவுக்கு மீறி நுரையீரலுக்குப் பாயும். முதல் ஆறு மாதத்துக்குள் சத்திரசிகிச்சை செய்துவிட்டால் இந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோர் நன்றாக இருப்பார்கள். தாமதித்தால் நுரையீரல் நாளங்கள் தடித்து, அழுத்தம் நிரந்தரமாக ஏறி, பிறகு சத்திரசிகிச்சையே செய்ய முடியாத கட்டம் வந்துவிடும். நிறமூர்த்தத்தை எவராலும் திருத்த முடியாது. இதயத்தைத் திருத்த முடியும், அதற்கு ஒரு கெடு இருக்கிறது.

தோட்டத்தில் அந்தக் கெடு எப்படிக் கழிகிறது என்று பாருங்கள். பிள்ளை பால் குடிக்கும்போது வியர்க்கிறது, பாதியில் களைத்துத் தூங்கிவிடுகிறது, எடை கூடவில்லை. எடை கூடாத பிள்ளை பெருந்தோட்டப் பகுதியில் அதிசயமில்லை. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை சுகாதார ஆய்வின்படி ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் நாடு முழுவதும் 17 வீதம், பெருந்தோட்டத்தில் ஏறத்தாழ 32 வீதம். எல்லாப் பிள்ளைகளும் சிறுத்திருக்கும் இடத்தில் இதயக் குறையால் சிறுத்த பிள்ளை தனியாகத் தெரிவதில்லை. எடை பார்த்து, திரிபோஷ சத்துமா கொடுத்து, நன்றாகச் சாப்பாடு கொடுங்கள் என்று சொல்லி அனுப்புகிறார்கள். பிள்ளை நீலம் பாரிக்கத் தொடங்கும்போது நுரையீரலின் காலம் முடிந்திருக்கும்.

அதற்கு முன்னரே சந்தேகம் வந்துவிட்டாலும் பாதை நீளம். தோட்டத்து மருந்தகத்திலிருந்து கிளங்கன் ஆதார வைத்தியசாலைக்கு அனுப்புவார்கள். இந்திய உதவியில் 150 கட்டில்களோடு கட்டப்பட்டு 2017 மே மாதம் இந்தியப் பிரதமர் திறந்துவைத்த கட்டடம் அது. மலையகத்துக்கு நேர்ந்த உண்மையான நன்மைகளில் ஒன்று. பிள்ளைகளின் இதயத்தைப் பார்க்கும் சிறப்பு வைத்தியருக்கோ பேராதனைச் சிறுவர் வைத்தியசாலைக்குப் போக வேண்டும். ஹட்டனிலிருந்து கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை என்று அறுபது கிலோமீற்றருக்கு மேல், மலைப்பாதையில். சத்திரசிகிச்சை என்றால் பெரும்பாலும் கொழும்பு சீமாட்டி ரிஜ்வே வைத்தியசாலையும் அங்குள்ள வரிசையும். சிகிச்சை இலவசம். போய்வரும் செலவும், தாய்க்கும் தகப்பனுக்கும் போகும் பேரும், அதாவது ஒரு நாள் சம்பளமும், இலவசமல்ல. அரசாங்கம் 2024 செப்ரெம்பரில் வர்த்தமானியில் அறிவித்த நாட்சம்பளம் 1,350 ரூபாவாக இருந்தது. ஒரு கிளினிக் பயணத்துக்கு இரண்டு பேரின் ஒரு நாள் போனால் என்ன மிஞ்சும்? இதோடு மொழியும் சேர்கிறது. இதய ஸ்கேனான எக்கோவில் பார்த்ததைச் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ சொன்னால், "ஆறு மாசத்துக்குள்ள" என்ற முக்கியமான சொல் அந்தத் தாயின் காதில் விழாமலே போகலாம். அடுத்த திகதிக்கு அவள் வராவிட்டால் அக்கறையில்லாத தாய் என்று கொப்பியில் எழுதிவிடுவது எளிது.

இதயத்துக்கு அடுத்தபடி தைரொயிட். டவுன் பிள்ளைகளுக்கு அது குறைவாகச் சுரப்பது சாதாரணம். மாத்திரை மலிவு, கவனிக்காவிட்டால் இருக்கிற அறிவு வளர்ச்சியும் மந்தப்படும். காதில் நீர் தேங்கிக் கேட்காமல் போனால் பேச்சு பிந்தும். கண்ணையும் பார்க்க வேண்டும். கழுத்தெலும்பு தளர்வாக இருக்கலாம் என்பதால் தலைகீழாகக் கவிழ்த்து விளையாட்டுக் காட்டக்கூடாது.

டர்னர் பெண் பிள்ளைகள் மலையகத்தில் இன்னும் ஆழமாக மறைந்துபோகிறார்கள் என்பது என் எண்ணம். இந்த நிலையின் முதல் அடையாளமே குட்டையாக இருப்பது. உயரம் குறைந்த பிள்ளைகள் நிறைந்த வகுப்பில் இவளை யார் தனியாகப் பார்ப்பார்கள்? பதினைந்து, பதினாறு வயதாகியும் பெரிய பிள்ளையாகவில்லை என்றபோதுதான் வீட்டில் கவலை வரும். கூடப் படித்தவர்களுக்கெல்லாம் சடங்கு நடந்திருக்கும். அப்போதும் வைத்தியரிடம் போவதற்கு முன் கோவிலுக்கும் சாத்திரம் பார்ப்பவரிடமும் போய், ஊருக்குத் தெரியாமல் மறைக்கத்தான் பார்ப்பார்கள். டர்னர் பிள்ளைகளுக்கு அறிவு பெரும்பாலும் மற்றவர்களைப் போலத்தான். படிப்பார்கள், வேலை செய்வார்கள். வளர்ச்சி ஹோர்மோனைச் சிறு வயதில் தொடங்கினால் உயரம் கூடும். ஈஸ்ட்ரஜன் கொடுத்தால் பருவ மாற்றங்கள் வரும், எலும்பு உறுதிப்படும். இதயத்திலிருந்து வரும் பெருநாடி ஒடுங்கியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்; சிறு பெண்ணுக்கு இரத்த அழுத்தம் பார்த்தாலே அதற்கு ஒரு தடயம் கிடைக்கும். உயர வரைபடத்தில் எப்போதும் கீழ்க்கோட்டுக்கும் கீழே நிற்கும் பெண் பிள்ளையை ஊட்டக்குறை என்று மட்டும் எழுதாமல் ஒரு தடவை இரத்தச் சோதனைக்கு அனுப்பினால் போதும்.

கிளைன்ஃபெல்டர் இதைவிட அதிகம் பேருக்கு இருக்கிறது, பெரும்பாலோர் தெரியாமலே வாழ்ந்து முடிக்கிறார்கள். உயரமான, சற்று ஒதுங்கிய சுபாவமுள்ள ஆண். கலியாணமாகிப் பல ஆண்டு பிள்ளையில்லை. மலடி என்ற பெயர் மனைவிக்கு வரும், இரண்டாம் கலியாணப் பேச்சும் வரும். புருசனுக்கு ஒரு விந்துச் சோதனை செய்தால் உண்மை தெரிந்துவிடும். பிள்ளையில்லாத தம்பதியரில் முதலில் ஆணைச் சோதிப்பது எளிது, செலவும் குறைவு. இந்த ஒரு வழக்கம் வந்துவிட்டால் எத்தனையோ பெண்களின் வாழ்க்கை காப்பாற்றப்படும்.

எட்வர்ட்ஸ், பட்டாவ் குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர் ஓராண்டைத் தாண்டுவதில்லை. அந்த வீடுகளுக்குத் தேவைப்படுவது உண்மையை மென்மையாகச் சொல்லும் ஒருவர், வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளும் ஒரு வார்ட்.

பிறப்பதற்கு முன்பே தெரிந்துகொள்ள முடியாதா? முடியும். 11 முதல் 14 வாரத்துக்குள் ஸ்கேனில் கருவின் பிடரித் திரவத்தை அளக்கும் முறை 1990களில் பரவியது. தாயின் இரத்தத்தில் கருவின் மரபுப்பொருள் மிதப்பதை டெனிஸ் லோ என்ற ஆய்வாளர் 1997இல் காட்டிய பிறகு, தாயின் இரத்தத்தை மட்டும் எடுத்துச் சந்தேகத்தைக் கணிக்கும் சோதனையும் வந்துவிட்டது. இவை இரண்டும் சந்தேகத்தைச் சொல்பவையே, முடிவானவை அல்ல. பனிக்குட நீரையோ நஞ்சுக்கொடித் திசுவையோ எடுத்துப் பார்த்தால்தான் உறுதி. இலங்கையில் இதற்கப்பால் சட்டம் நிற்கிறது. 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையின் 303ஆம் பிரிவு தாயின் உயிரைக் காப்பாற்ற மட்டுமே கருக்கலைப்பை அனுமதிக்கிறது. 1995இல் தளர்த்தப் பார்த்தார்கள், முடியவில்லை. 2017இல் உயிர்வாழ இயலாத கருவுக்கும் பாலியல் வன்முறைக்கு ஆளானோருக்கும் விலக்களிக்கும் யோசனை சமயத் தலைவர்களின் எதிர்ப்பில் நின்றுபோனது. இந்தியாவில் 2021 திருத்தத்துக்குப் பின் கடுமையான குறை உள்ள கருவைப் பற்றி மருத்துவக் குழு முடிவெடுக்கலாம்.

பிள்ளையைப் பெறுவதா என்பதைத் தோட்டத்துத் தாய்க்காக வேறொருவர் தீர்மானிக்கக்கூடாது, அது துரையானாலும் வைத்தியரானாலும் சாமியாரானாலும். ஆனால் முன்கூட்டித் தெரிவதால் வேறொரு நன்மை இருக்கிறது, அதைப் பற்றி இங்கே யாரும் அதிகம் பேசுவதில்லை. கருவின் இதயத்தில் குறை இருப்பது தெரிந்துவிட்டால் பிரசவத்தைத் தோட்டத்துக்கு அருகே வைத்துக்கொள்ளாமல் கண்டியிலோ பேராதனையிலோ ஒழுங்குசெய்யலாம். கர்ப்பிணிகளில் பெரும்பாலோரை ஆரம்ப வாரங்களிலேயே குடும்ப நல உத்தியோகத்தர்கள் பதிவுசெய்துவிடும் நாடு இது. அந்தப் பதிவேடு இருக்கும்போது பன்னிரண்டாவது வாரத்தில் ஒரு நல்ல ஸ்கேனுக்கு வழிசெய்வது எட்டாத காரியமல்ல.

பிறந்த பிள்ளையை வளர்ப்பதில் மலையகத்துக்கு ஒரு தனி வசதி இருக்கிறது: பிள்ளைக் காம்பரா. கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுச் செல்லும் இந்த இடம் ஏறக்குறைய எல்லாத் தோட்டங்களிலும் உண்டு. சிறுவர் அபிவிருத்தி உத்தியோகத்தர் என்று பயிற்சி பெற்ற ஒருவரும் பல இடங்களில் இருக்கிறார். தளர்ந்த உடம்புள்ள பிள்ளையைக் குப்புறப் படுக்கவைத்துக் கழுத்து நிமிரப் பழக்குவது, நாக்குப் பயிற்சி, சைகையோடு பேசுவது, கரண்டி பிடிக்கப் பழக்குவது எல்லாம் பெரிய கருவிகள் கேட்பவை அல்ல. முதல் மூன்று ஆண்டுகளில் நாள்தோறும் கொஞ்சம் செய்தால் பலன் தெரியும். பிள்ளைக் காம்பரா ஊழியர்களுக்கு இதில் பயிற்சி கொடுத்தால் கண்டிக்கு ஓட வேண்டிய நாட்கள் குறையும். நுவரெலியாவில் 1980களின் இறுதியிலிருந்து இயங்கிவரும் மென்கஃபெப் நிறுவனம் மாற்றுத்திறனுள்ள பிள்ளைகளுக்கும் குடும்பங்களுக்கும் இந்த வழியில்தான் உழைத்துவருகிறது. சென்னையில் சுரேகா ராமச்சந்திரன் கட்டியெழுப்பிய டவுன் சிண்ட்ரோம் சங்கமும் பெற்றோரையே பயிற்சியாளராக்கும் வழியைக் காட்டியிருக்கிறது. அங்கே தமிழில் இருக்கும் பயிற்சி அனுபவத்தை இங்கே கொண்டுவருவதற்குக் கடல் ஒரு தடையே இல்லை.

வளர்ந்த பிறகு என்ன என்பதுதான் பெற்றோரின் கடைசிக் கவலை. 1983இல் மேலைநாடுகளில் டவுன் சிண்ட்ரோம் உள்ளவரின் சராசரி ஆயுள் 25 ஆக இருந்தது, இன்று 60ஐத் தொடுகிறது. இதயச் சத்திரசிகிச்சையும் வீட்டோடு வளர்ப்பதும் கொண்டுவந்த மாற்றம் இது. நம் பிள்ளைகளும் இனிமேல் தாய் தகப்பனைவிட அதிக காலம் வாழ்வார்கள். லயத்துக் காம்பராவில் யாரோடு? 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாப்பதாகச் சொல்கிறது. மாதக் கொடுப்பனவை 7,500 ரூபாவிலிருந்து 10,000 ஆக்க 2025 வரவு செலவுத் திட்டம் முன்மொழிந்தது. 2024இல் அறிவித்த நாட்சம்பளக் கணக்கில் அது ஏழெட்டு நாள் கொழுந்துச் சம்பளம்தான். ஆனாலும் விண்ணப்பிக்காமலே இருக்கும் குடும்பங்கள் உண்டு. படிவமும் பிரதேச செயலகமும் அவர்களுக்கு அந்நியம் என்பதே காரணம். இங்கே தொழிற்சங்கங்கள் ஒரு நல்ல வேலை செய்யலாம்: சந்தாப் பணம் வாங்கும் ஒவ்வொரு டிவிசனிலும் இப்படியான பிள்ளைகள் உள்ள வீடுகளுக்குப் படிவத்தை நிரப்பிக் கொடுத்து, கூட ஒருவரை அனுப்பலாம்.

மிஸ்ஸிமாரிடமும் தோட்டத்து வைத்திய உதவியாளர்களிடமும் நான் கேட்பது பெரியதல்ல. சந்தேகமான முகத்தோடு ஒரு பிள்ளை பிறந்தால், எடை பார்ப்பதற்கு முன் நெஞ்சில் காது வையுங்கள், விரலில் ஒக்சிசன் பாருங்கள், முதல் மாதத்துக்குள் எக்கோவுக்கு அனுப்புங்கள், எத்தனை மாதத்துக்குள் என்ன செய்ய வேண்டும் என்பதைத் தமிழில் எழுதிக் கொடுங்கள். பெற்ற தாய்மாருக்கும் ஒரு வார்த்தை: இது உங்களால் வந்ததல்ல. பிள்ளை பால் குடிக்கையில் களைத்தாலோ வியர்த்தாலோ பெரட்டு, பேர் எதையும் பார்க்காதீர்கள். அன்றைக்கே தூக்கிக்கொண்டு போங்கள்.